மொட்டை மாடிக்கு ஏற்ற பைனாகுலர்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வானம் பார்ப்பதில் மிகுந்த ஆர்வம். கட்டுப்படியாகும் விலையில் எந்த பைனாகுலரை வாங்கலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: '10×50' என்று பொறித்த சாதாரண வகையே போதும். முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் முன்புற லென்சின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும்; பின்னதை முன்னதால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மி.மீ. என்று கிடைக்கும். 7×50 வகையில் இது ஏறக்குறைய 7 மி.மீ. ஆவதால், துறைமுக விளக்குகளின் வெளிச்சம் படிந்த உங்கள் பகுதி வானம் அதில் சாம்பல் பூத்தாற்போலவே தெரியும். ஜூம் வகைகளையும் சிவப்பாக மின்னும் லென்சுகளையும், கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

வாங்கும் முன் கருவியைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைக் கவனியுங்கள்: அங்கே தெரியும் ஒளிப்பொட்டு முழு வட்டமாக இருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி, பிரிசம்) தரமானது, ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் இருந்தால் மட்டமானது.

பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் கைநடுக்கமும் பெரிதாகும் என்பதால், மகள் முழங்கைகளை மாடியின் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொள்ளட்டும். துறைமுக விளக்குகள் இருந்தாலும், கிழக்கே திறந்த கடலின் மேல் வெளிச்சம் குறைவு. அங்கே எழும் கார்த்திகை என்னும் நட்சத்திரக் கூட்டத்தில் தொடங்கலாம். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் புள்ளிகளாகத் தென்படும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதன் வழியே பார்க்கக் கூடாது, பார்வையே பறிபோகும்.