மையத்தில் சொல்கிறான், வீட்டில் கேட்பதில்லை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ளவன், அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். வாரம் இரண்டு நாள் திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று ஸ்பீச் தெரபியும் (பேச்சுப் பயிற்சி) ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) கொடுக்கிறோம். அங்கே படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறான். வீட்டில் எதையும் கேட்டு வாங்குவதில்லை. பள்ளியில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறான். தெரபி நேரத்தைக் கூட்ட வேண்டுமா? எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை.
– ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: நேரத்தைக் கூட்டுவதற்கு முன், இருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு எளிதன்று. மையத்தில் படத்தைப் பார்த்துத் ‘தண்ணி’ என்று சொல்லும் பிள்ளை, தாகம் எடுக்கும்போது பேசாமல் உங்கள் கையைப் பிடித்து இழுப்பது பிடிவாதத்தால் அல்ல. ஆகவே, ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் உங்களை உள்ளே அழைத்து, அன்று செய்ததை வீட்டில் எந்த வேளையில், எப்படிச் செய்வது என்று காட்டும்படி தெரபிஸ்டிடம் கேளுங்கள். பெற்றோரைக் கதவுக்கு வெளியே உட்காரவைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

அவன் உங்களைப் பார்த்துத் ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டால், பெரும்பாலும் தாகம் அவனுக்குத்தான். நீங்கள் தினமும் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்கிறான். அதைத் தவறென்று திருத்தாமல், அவன் சொல்ல வேண்டிய வடிவத்திலேயே ‘தண்ணி வேணும்’ என்று நீங்கள் சொல்லி, உடனே தம்ளரைக் கையில் கொடுங்கள். வாய் திறந்து சொன்னால்தான் தருவேன் என்று காக்கவைக்க வேண்டாம். படத்தைத் தொட்டுக் காட்டினாலும் அது கேட்டதாகவே கணக்கு. படம் பழகினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

சட்டை போடுவதையும் இப்படியே பழக்கலாம். மற்ற பொத்தான்களை நீங்கள் போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு. ஒவ்வொரு நாளும் வேலை அவன் கையால் முடியும் என்பதே இந்த முறையின் பலன்.

மணியோசை அவனுக்கு உண்மையாகவே வேதனை தரக்கூடும். மணி அடிப்பதற்குச் சற்று முன் ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி முன்னறிவிப்புத் தரலாம். மணியிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் அவனை உட்காரவைக்கலாம். அந்த நேரத்துக்கு மட்டும் காதுமூடி அணியவிடலாம். அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி மேசையில் ஒட்டிவைத்தால், அடுத்து என்ன வரும் என்ற பதற்றமும் குறையும். இவை சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்யும் கடமையைப் பள்ளிகளுக்கு விதித்திருக்கிறது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பள்ளிக்கு வரவழைத்து, வகுப்பாசிரியருடன் சேர்ந்து உட்காரச் சொல்லுங்கள். தெரபிஸ்ட் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, அதே நோட்டைப் பள்ளிக்கும் கொடுத்தனுப்புங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் குழந்தைதான் குழம்பும்.

கேள்வி: என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள சிறுமி ஒருத்தி பாடம் நடக்கும்போது கைகளை உதறிக்கொண்டே இருக்கிறாள், கண்ணைப் பார்த்தும் பேசுவதில்லை. கண்டிக்கலாமா?
– ஓர் ஆசிரியை, விருத்தாசலம்

பதில்: வேண்டாம். கைகளை உதறுவது பலருக்கு மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி; மகிழ்ச்சியிலும் செய்வார்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தாத வரை அதைத் தடுப்பதால் அவளுக்கு நன்மையில்லை. கண்ணைப் பார்க்காமலேயே அவள் கவனித்துக்கொண்டிருக்கலாம். சிலருக்கு முகத்தைப் பார்த்தால் காதில் விழுவது மனத்தில் பதிவதில்லை. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு, மறுபடி கேட்காமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். விடை சொல்லத் தாமதமாகும் பிள்ளையிடம் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால், அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மற்ற பிள்ளைகள் காரணம் கேட்டால், ‘அவளுக்கு அப்படிச் செய்தால் நிம்மதியாக இருக்கும்’ என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள்.