மூளைக்கு மருந்து தேடப்போகும் மகளும் பிளஸ் டூ வேதியியலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். அப்பத்தா தன் பேத்தியைப் பார்த்தே "நீ யாரு சாமி?" என்று கேட்டதிலிருந்து, மூளைச் செல்களைக் காப்பாற்றும் மருந்தைச் செடிகளில் தேடப்போவதாக உங்கள் மகள் உறுதியாக இருக்கிறாள். உறவுக்காரர்களோ நர்சிங்கில் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ஆசைக்கு முறையான படிப்பு உண்டு, பிழைக்கவும் வழி உண்டு. ஆனால் உள்ளே போகும் வாசல் வேதியியல். அவளுக்கு மார்க் குறைகிற ஒரே பாடமும் அதுதான் என்கிறீர்கள். நாம் உட்கார்ந்து பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

செடியிலிருந்து மறதி நோய்க்கு மருந்து வருமா என்று கேட்டிருந்தீர்கள். வந்திருக்கிறது. கேலன்டமின் என்ற மருந்தை 1950களில் சோவியத் ஒன்றியத்து வேதியியலாளர்கள் பனித்துளிப் பூச்செடியின் கிழங்கிலிருந்து பிரித்தார்கள். பல்கேரியாவில் அதைப் போலியோ பாதித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அல்சைமர் நோய்க்கென அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல்தான். அரை நூற்றாண்டு! அந்த மாத்திரையும் செல் அழிவதை நிறுத்துவதில்லை. மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் நினைவும் அன்றாடச் செயல்பாடும் சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கின்றன.

செல்லையே காப்பாற்றும் தாவர மருந்து என்று மனிதர்களில் நிரூபணமான ஒன்று இன்றுவரை இல்லை. இதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீர்ப்பிரமிச் செடியில் உள்ள பாக்கோசைடுகள் என்ற பொருட்களை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பல காலம் ஆராய்ந்தது. வல்லாரையைப் பற்றியும் மஞ்சளின் குர்குமினைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை செல்லிலும் எலியிலும் கிடைத்த பலன்கள். குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே அரிது. அங்கிருந்து, ரத்தத்தில் உள்ள பல பொருட்களை மூளைக்குள் விடாத ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவது இன்னும் கடினம். ஜிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வெளியானது. எனக்கு இது நம்பிக்கை இழக்கும் செய்தியாகப் படவில்லை. செய்ய வேண்டிய வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான கணிப்பு சொல்கிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இலையைக் காயவைத்து, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்தால் கரும்பச்சைச் சாறு வரும். சிலிக்கா நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி மேலிருந்து கரைப்பானை விட்டால், மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கும். ஒவ்வொன்றையும் தனிக்குப்பியில் பிடித்து, உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு 96 குழிகள் கொண்ட கையகலத் தட்டில் நரம்புச் செல்களை வளர்த்து, நச்சைக் கொடுத்து, பிரித்த பொருளையும் சேர்ப்பார்கள். கடைசியில் ஒரு மஞ்சள் சாயம் விடுவார்கள். உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றிவிடும். எந்தக் குழி எவ்வளவு ஊதா என்று அளப்பதில் நாள் போய்விடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. மாட்டுக்குச் சினை பிடித்த தேதியையெல்லாம் நோட்டில் குறித்து வைக்கும் பெண் என்று எழுதியிருந்தீர்களே, அவளுக்கு ஒத்துவரும் என்றே நினைக்கிறேன்.

இனி வழிகள். என் முதல் தேர்வு பி.பார்ம் என்ற மருந்தியல் துறைப் பட்டப்படிப்பு, நான்கு வருடம். கேரளத்தில் கீம் என்ற மாநில நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். அதன் பிறகு ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதி, மேற்படிப்பான எம்.பார்மில் ஃபார்மகாக்னசி (செடி போன்ற இயற்கைப் பொருட்களிலிருந்து வரும் மருந்துகளைப் பற்றிய படிப்பு) அல்லது மருந்தியல் எடுக்கலாம். ஜிபேட் தேறியவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஞ்சாபின் மொகாலியில் உள்ள நைப்பர் என்ற தேசிய மருந்துக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்கைப் பொருட்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. இரண்டாவது வழி, திருவனந்தபுரத்தை அடுத்த விதுரையில் உள்ள ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ் அறிவியல் படிப்பு. அதன் நுழைவுத் தேர்வில் கணிதமும் உண்டு. அவள் பயாலஜியோடு மேத்ஸும் எடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. ஆயுர்வேதம், சித்தா இரண்டுக்கும் நீட் வேண்டும். நோயாளியைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகட்டும்.

முனைவர் பட்டம் வரை போனால் வயது 28, 29 ஆகிவிடும். அதுவரை வீட்டுக்குச் சுமையாக இருப்பாளோ என்று பயப்பட வேண்டாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். நடுவில் மனம் மாறினாலும் பி.பார்ம் கைவிடாது. கோவை, கோட்டக்கல் பக்கத்து மருந்து நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு, மருத்துவமனை மருந்தகம், அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி மருந்து ஆய்வாளர் என்று வழிகள் உண்டு. நர்சிங்கும் மரியாதையான தொழில்தான். ஆனால் மனம் ஒட்டாமல் அனுப்பாதீர்கள். "ஆறு மாதத்தில் மூலிகை டிப்ளமோ, உடனே வேலை" என்று நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது.

வேதியியல் மார்க்குக்கு வருகிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் ஒன்னில் திடீரென்று ஆங்கிலம். நம் சித்தூர் தாலூகாப் பிள்ளைகள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவள் விடைத்தாளைப் பார்த்தேன். கணக்குப் போடும் கேள்விகளில் முழு மார்க் வாங்கியிருக்கிறாள். விளக்கி எழுத வேண்டிய ஆர்கானிக் கேள்விகளில்தான் போய்விட்டது. தினமும் ஒரு வினையை முதலில் தமிழில் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். டியூஷனைவிட இது உதவும்.

அப்பத்தாவுக்கு ஞாபகசக்திப் பொடி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில மூலிகைகள் ரத்தக்கசிவை உண்டாக்கும். தைராய்டு, பி12 குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய முடியும் என்பதால் முதலில் அந்த ரத்தப் பரிசோதனைகளை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள்.

கீம் விண்ணப்பத்துக்கு நேட்டிவிட்டி (இந்த மாநிலத்தவர் என்ற) சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் பிறந்த வீடு பொள்ளாச்சி என்பதால் இரண்டு மாநிலத்திலும் கேட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவள் பிறந்ததும் படித்ததும் கேரளம். வில்லேஜ் ஆபீசில் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.