அருந்ததியை இரவில் பாருங்கள்

கேள்வி: சிவகங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கோடை விடுமுறையில் புழுக்கம் தாங்காமல் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்கிறோம். "அது என்ன நட்சத்திரம்மா?" என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கல்யாணத்தில் காட்டிய அருந்ததியையே நான் இன்றுவரை பார்த்ததில்லை. சித்திரை, வைகாசி இரவுகளில் வெறும் கண்ணால் எவற்றைப் பார்க்கலாம்? ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா?

பதில்: அருந்ததியிலிருந்தே தொடங்குவோம். கல்யாணத்தன்று நீங்கள் பார்க்காததில் உங்கள் தவறு ஏதும் இல்லை. பகலில் நட்சத்திரம் தெரியாது என்பது ஒருபுறம். உங்கள் முகூர்த்தம் வைகாசிக் காலையாக இருந்திருந்தால், ஆறு, ஏழு மணிக்கெல்லாம் அருந்ததி அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். புரோகிதர் கைகாட்டிய திசையில் அது இருக்கவே இல்லை. அதே நாள் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே திரும்பி நின்றிருந்தால், பாதி வானத்து உயரத்தில் அருமையாகத் தெரிந்திருக்கும். அருந்ததி பார்க்க ஆண்டிலேயே தோதான காலம் இந்த இளவேனில்தான்.

வடக்கே பாருங்கள். ஏழு நட்சத்திரங்கள் கவிழ்த்து வைத்த அகப்பை போல இருக்கும். நான்கு நட்சத்திரங்கள் குழிப்பகுதி, மூன்று நட்சத்திரங்கள் வலப்பக்கம் நீண்டு, நுனியில் மேல்நோக்கி வளையும் காம்பு. இதுதான் சப்தரிஷி மண்டலம். காம்பின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதன் பக்கத்திலேயே மங்கலாக ஒட்டிக்கொண்டிருப்பது அருந்ததி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். நமக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் காலத்தில் பல நாடுகளில் இதையே கண்பார்வைக்குச் சோதனையாக வைத்திருந்தார்கள். சங்கப் பாடல்கள் வடமீன் என்று சொல்வதும் அருந்ததியைத்தான். சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இந்த ஜோடி, கருவிகள் வழியாகப் பார்த்தால் ஜோடியோடு நிற்பதில்லை: வசிஷ்டர் நான்கு நட்சத்திரங்கள், அருந்ததி இரண்டு, ஆக மொத்தம் ஆறு.

இப்போது அந்தக் காம்பின் வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள். வைகாசி இரவு ஒன்பது மணிக்கு இந்த ஒரு வளைவு வானம் முழுவதையும் உங்களுக்குச் சுற்றிக் காட்டிவிடும். வளைவு போகும் போக்கிலேயே கண்ணைக் கிழக்குப் பக்கமாக மேலே நகர்த்தினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வரும். அது சுவாதி. வடபாதி வானத்தில் இதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. தூரம் 37 ஒளியாண்டு. நீங்கள் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பி 37 ஆண்டுகள் ஆகின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்த வருஷம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். அதே வளைவில் இன்னும் தெற்கே போனால் நீலம் கலந்த வெள்ளையில் ஒன்று. அதுதான் சித்திரை. பௌர்ணமி நிலா இந்த நட்சத்திரத்துக்கு அருகே வரும் மாதம் என்பதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர். சித்ரா பௌர்ணமியன்று நிலாவின் பக்கத்தில் தேடிப் பாருங்கள், அந்த வெளிச்சத்திலும் அது தெரியும். ஜாதகத்தில் எழுதியிருக்கும் நட்சத்திரங்கள் எல்லாமே இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடியவைதான். வீட்டில் யாருக்காவது சித்திரையோ சுவாதியோ இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சித்திரைக்குக் கொஞ்சம் மேற்கே, சாய்ந்த சதுரம் போல நான்கு நட்சத்திரங்கள் தெரியும். அது அஸ்தம். ஹஸ்தம் என்றால் கை. உற்றுப் பார்த்தால் உள்ளங்கை போலத்தான் இருக்கும். இதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். தெற்கு வானத்துக்கு வழிகாட்டப்போவது இந்தக் கைதான்.

கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறக்குறைய 10 பாகை. மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு, அஸ்தத்திலிருந்து நேர் கீழே நான்கு முஷ்டி இறங்குங்கள். ஒரு முஷ்டிக்குள் அடங்கிவிடும் அளவில் நான்கு நட்சத்திரங்கள் சின்னச் சிலுவையாக நிமிர்ந்து நிற்கும். அது தென்சிலுவை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடிகளில் இருப்பது இதுதான். விசுவாமித்திரர் அனுப்பி, இந்திரன் தள்ளி, நடுவானில் தலைகீழாக நின்ற திரிசங்கு இதுவே என்று நம் பக்கத்துக் கதை சொல்லும். சிவகங்கையில் அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் இருக்கும். சென்னையில் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, கன்னியாகுமரியில் கொஞ்சம் உயரம். சித்திரை பிறக்கும்போது இதே காட்சிக்கு இரவு பதினொன்றேகால்வரை காத்திருக்க வேண்டும். மே கடைசியில் எட்டேகாலுக்கே வந்துவிடும். ஒரே நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக வருவதால் வரும் வித்தியாசம் இது.

இங்கே ஒரு குழப்பம் நேரும். தென்சிலுவைக்கு மேற்கே, வலது கைப்பக்கம், அதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் இன்னொரு சிலுவை இருக்கிறது. பொய்ச் சிலுவை என்றே அதற்குப் பெயர். பழகியவர்களே இதைக் காட்டி ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். அசல் சிலுவைக்குச் சாட்சி இருக்கிறது: இடது கைப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிலுவைக்கு அருகில் இருப்பது பீட்டா சென்டாரி, தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி. வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு அருகில் இருப்பது இந்த ஆல்ஃபா சென்டாரிதான், 4.4 ஒளியாண்டு. அது ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை என்று உலகத்துக்கு முதலில் தெரிந்த இடம் நம் புதுச்சேரி. 1689 டிசம்பரில் அங்கே ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ தொலைநோக்கியில் அதைக் கண்டார்.

நாம் இருக்கும் இடத்தின் அருமையை அறிந்துகொள்ளுங்கள். டெல்லியில் தென்சிலுவை முழுதாக எழுவதே இல்லை. லண்டன்காரர்கள் தெற்கே வெகுதூரம் பயணம் போனால்தான் அதைப் பார்க்க முடியும். சிட்னியில் இருப்பவர்களுக்குச் சப்தரிஷி முழுதாகக் கிடைக்காது. வைகாசி இரவில் உங்கள் மொட்டைமாடியில் நின்று ஒருமுறை திரும்பினால் போதும், இரண்டையும் பார்த்துவிடலாம். நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டையும் பார்க்க முடியும் என்பது ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்கும் பெரிய பலம். 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது.

சிலுவை உச்சிக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து, சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்கிப் பாருங்கள். புகை படிந்தது போல ஒரு நட்சத்திரம் தெரிந்தால் அது ஒமேகா சென்டாரி. பார்க்க ஒற்றை நட்சத்திரம். உண்மையில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்களின் திரள், 17,000 ஒளியாண்டு தொலைவில். தெரு விளக்கு வெளிச்சம் இருந்தால் தெரியாது. உங்கள் ஊர் இருட்டில் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்திரை முதல் வாரங்களில் இருட்டியதும் மேற்கே திருவாதிரையும், தென்மேற்கில் தாழ்வாக அகத்தியரும் இருப்பார்கள். சீக்கிரம் பார்த்துவிடுங்கள், விடைபெறப் போகிறவர்கள். தலைக்கு மேலே மகம். சித்திரைப் பிறப்பையொட்டி இரவு எட்டேமுக்கால் வாக்கில் புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு அது அச்சு அசலாக உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். வைகாசியில் பத்து மணிக்குத் தென்கிழக்கில் தேள் முழுதாக ஏறியிருக்கும். அதன் நெஞ்சில் சிவப்பாக மின்னுவது கேட்டை.

கார்த்திகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறு மீன் கூட்டம் ஏப்ரல் நடுவில் மேற்கே தாழ்வாகத் தெரியும், மாதக் கடைசிக்குள் மறைந்துவிடும். எங்கே போகிறது? சூரியன் அதன் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. சூரியன் அந்த நட்சத்திரத்தை நெருங்கி, கடந்து, தாண்டிப் போகும் மே 4 முதல் 28 வரையான நாட்களைத்தான் நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம். கத்திரி வெயிலில் நம்மை வாட்டும் நாட்களில் அந்த நட்சத்திரக் கூட்டம் சூரியனின் ஒளியில் மறைந்து நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனி மாதம் விடியற்காலையில் கிழக்கே மறுபடி எழும்.

டெலஸ்கோப் விஷயம். இப்போது வேண்டாம். அந்த விலையில் வரும் பலவற்றில் பெட்டியின் மேல் 500 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கும். 60 மில்லிமீட்டர் லென்ஸ் உருப்படியாகத் தாங்கக்கூடியது சுமார் 120 மடங்குதான். அதற்கு மேல் போனால் பிம்பம் கலங்கும். ஆட்டம் கொடுக்கும் ஸ்டாண்டில் அதுவும் நிற்காது. இரண்டு நாளில் பிள்ளைகளுக்கு வானமே அலுத்துப்போகும், எனக்கு அதுதான் பெரிய கவலை. இந்த இரண்டு மாதமும் வெறும் கண்ணே போதும். ஆசை நிலைத்தால் 7x50 அல்லது 10x50 என்று போட்ட பைனாகுலர் வாங்குங்கள். நிலாவின் பள்ளங்கள், பூச நட்சத்திரத்தை ஒட்டிய தேன்கூட்டுத் திரள், ஒமேகா சென்டாரி எல்லாம் அதில் அழகாகத் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பவே கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கோள்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுபவை. அவற்றுக்குக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் நிரலில் உங்கள் ஊரையும் தேதியையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அமாவாசையை ஒட்டிய நாட்களாகத் தேர்ந்தெடுங்கள். மாடி விளக்கை அணைத்து, செல்போனை உள்ளே வைத்துவிட்டு இருபது நிமிடம் பொறுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் தேவை. டார்ச் வேண்டுமென்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவைத் தவறவிடாதீர்கள். தூசி கழுவப்பட்டு, தெற்கு அடிவானம் வரை தெளிவாக இருக்கும்.

இன்னும் ஒன்று. ஆண்டுதோறும் மே 5, 6 தேதிகளில் ஹாலி வால்மீன் விட்டுச்சென்ற துகள்களுக்குள் பூமி புகுந்து செல்கிறது. அந்த வால்மீன் இனி 2061-ல்தான் வரும், அதன் தூசியை ஆண்டுதோறும் பார்க்கலாம். நிலா இல்லாத ஆண்டாக இருந்தால், நல்ல இருட்டில் ஒரு மணி நேரத்தில் பத்து, இருபது எரிமீன்கள் கண்ணில் படும். அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, கிழக்குப் பார்த்துப் பாயைத் திருப்பிப் போடுங்கள். நாலேமுக்கால் வாக்கில் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும்.