கணினி வந்தால் வணிகம் படித்த பிள்ளைக்கு வேலை இருக்குமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். கணக்கு வேலையை எல்லாம் இனிக் கணினியே செய்துவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். இடையில் நிறுத்திவிட்டு மென்பொருள் படிக்க விடலாமா?

ஐயா, நிறுத்த வேண்டாம். பற்றுச்சீட்டைப் பார்த்துப் பதியும் வேலை குறையும், அது உண்மை. ஆனால் நிறுவனங்கள் கணினிக்கு மாறும்போது தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் வேறு.

2023 ஓகஸ்டில் நம் நாட்டு அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போய்விட்டது. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021 முதலே அதைப் புதுப்பிக்க எண்ணியிருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய பணிப்பாளர் சபை முடிவுகளாலும் தள்ளிப்போனதாகவும் பொறுப்பான முகவரகமே சொன்னது. சபை முடிவுகள் என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எதற்கு முதலில் செலவழிப்பது, பிரதி எடுப்பது யார், எடுத்தாரா என்று பார்ப்பது யார்? இவற்றுக்கு நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் போதாது.

இவற்றை முடிவுசெய்து கண்காணிக்கும் துறைக்குத் தகவல் தொழினுட்ப ஆளுகை என்று பெயர். அதற்கு உலகெங்கும் பயன்படும் வழிகாட்டியான கோபிட் (COBIT) 2019 சட்டகம் 40 குறிக்கோள்களைச் சொல்கிறது. அவற்றில் 5 பணிப்பாளர் சபையின் பொறுப்பு: நிலைமையை மதிப்பிடு, திசை காட்டு, நடப்பதைக் கண்காணி. மிச்சம் 35 முகாமைத்துவத்துடையவை.

நம் வன்னிக்கு இது தூரத்து விடயமில்லை. ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியை எடுங்கள். சேமிப்புப் புத்தகம் கணினிக்கு மாறுகிறது. கடவுச்சொல் முகாமையாளர் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் விலகிப் போனால்? மென்பொருள் விற்றவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் உறுப்பினர்களின் கணக்கு யார் கையில்? போர் முடிந்து ஒன்றுமில்லாமல் வந்த சனம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. இந்தக் கேள்விகளை இயக்குநர் சபைக் கூட்டத்தில் எழுப்பி, பதிலைத் தீர்மானமாக எழுதவைக்கத் தெரிந்த ஒரு பிள்ளை எங்களுக்கு வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆட்களின் விபரம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தத் தேவை இன்னும் கூடும்.

மகள் கணக்காய்வையும் தகவல் முறைமைகளையும் விடாமல் படிக்கட்டும். தரவுத்தளம் எப்படி இயங்குகிறது என்று விளங்குமளவு கணினி தெரிந்தால் நல்லது. தொழிற்பயிற்சிக்கு வங்கியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவையோ ஒரு கணக்காய்வு நிறுவனத்தையோ கேட்கட்டும். முதல் சில வருடம் கொழும்பில் இருக்க வேண்டிவரலாம். அதற்கு நீங்களும் மனதைத் தயார்ப்படுத்துங்கள்.

தகவல் முறைமைக் கணக்காய்வாளருக்கான சீசா (CISA) போன்ற சான்றிதழுக்கு இப்போதே நகையை அடகு வைக்காதீர்கள். பரீட்சையை முன்கூட்டி எழுதலாம்தான், ஆனால் சான்றிதழ் கிடைக்க ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். பட்டம் இருந்தால் அதில் ஒரு பங்கு கழியும். வேலைக்குப் போனபின், அந்தச் சம்பளத்திலேயே அவள் எழுதலாம்.