பெண்களின் எழுத்துக்கும் அறிவுக்கும் மும்பையில் இருந்தபடி என்ன செய்யலாம்?

"நன்கொடை தவிர வேறு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பெண்கள் எழுதியதையும் சொன்னதையும் தொலையாமல் காப்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் வேலை. நம் மும்பையின் தகிசர் பகுதியிலேயே ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழுத்தாளர் அம்பை இன்னும் இருவரோடு சேர்ந்து 1988-இல் தொடங்கியது. பெண்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்கிறார்கள், புகைப்படங்களையும் சேர்த்துவைக்கிறார்கள்.

தாராவியில் என் அத்தை, பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் பாட்டு எழுதுவார். வீடு மாறியபோது அது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது. இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் வீட்டிலும் அப்படியொரு நோட்டு இருக்கலாம். இன்றைக்கே பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அப்புறம் பாட்டியைப் பேசவிட்டு, குறுக்கிடாமல் கைபேசியில் பதியுங்கள். ஊரும் தேதியும் குறித்துவையுங்கள்.