'டியர் சைல்ட்' ஜெர்மன் தொடரைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் முடிவு சப்பென்று இருந்தது என்கிறார்கள். ஏன்?

இரு தரப்பும் வெவ்வேறு தொடரை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் என்பதுதான் காரணம். ரோமி ஹவுஸ்மானின் நாவலைத் தழுவி 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆறு பகுதிகள் கொண்ட தொடர் இது. அடைபட்ட வீட்டிலிருந்து தப்பிய பெண் விபத்தில் சிக்குகிறாள்; 13 ஆண்டுகளுக்கு முன் மகளைத் தொலைத்த தந்தை மருத்துவமனைக்கு ஓடிவந்து, "இது என் மகள் இல்லை" என்கிறார். ஆனால் அங்கே நிற்கும் சிறுமி ஹன்னா, அவர் மகளை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்!

குற்றவாளி யார், ஏன் செய்தான் என்பதற்காகப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம் நியாயமானதே. அவனுடைய நோக்கம் கடைசிப் பகுதியில் அவசரமாகச் சொல்லப்படுகிறது.

எனக்கோ ஹன்னாதான் தொடரே. ஜன்னலில்லாத வீட்டில், கதவு திறந்ததும் கைகளை நீட்டிக் காட்டப் பழக்கப்பட்ட குழந்தை அவள். விடுதலை கிடைத்த பிறகும் அந்த வீட்டின் விதிகளையே அன்பென்று நம்புகிறாள். ஹன்னாவாக வரும் நைலா ஷூபெர்ட் கண்ணீரின்றி, அகராதி படிப்பதுபோன்ற குரலில் அதை நடித்திருப்பது அபாரம். அவளுக்காகவே பாருங்கள், மூல ஜெர்மன் ஒலியோடு, வசன வரிகளை வைத்துக்கொண்டு.