கேளுங்கள், சொல்கிறோம்: வால்பாறைக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: காரில் கோவை போகிறோம், நடுவில் ஒரு நாள் கிடைக்கிறது. கடலையும் காசிமேட்டையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அசல் மழைக்காட்டைக் காட்டணும். அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. எங்கே போகலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வால்பாறைதான். முதல் நாள் ராத்திரி பொள்ளாச்சியில் தங்கிவிட்டு, காலையில் ஆழியார் சோதனைச்சாவடி திறந்ததும் ஏறிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. கீழே காய்ந்த புதர்க்காடு, 9-வது வளைவில் நின்றால் ஆழியார் அணை முழுசாகத் தெரியும், பக்கத்துப் பாறையில் வரையாடுகள் மேயும். அப்புறம் தேயிலை வரும். பச்சையாக இருக்கிறதே என்று அதைக் காடு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், காட்டை வெட்டித்தான் அந்தத் தோட்டங்களைப் போட்டார்கள். மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளில் ஒன்று, வால்பாறை ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வரும் புதுத்தோட்டம். சாலையே அதற்குள் போவதால் அம்மா காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

அருவி, அணை, வியூ பாயின்ட் என்று பட்டியல் போட்டு ஓடாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சும்மா அண்ணாந்து பாருங்கள். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டையான பாலங்கள் கட்டியிருப்பார்கள். சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்கத்தான் அவை. கருப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம், வயிற்றில் குட்டியை ஒட்டவைத்துக்கொண்டு தாய் அந்தப் பாலத்தில் போவதைப் பார்க்கக் கிடைத்தால் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். பெரிய இருவாட்சிப் பறவை பறந்தால் உருவத்துக்கு முன்னால் சத்தம்தான் வரும், பேசின் பிரிட்ஜில் ரயில் நகரும்போது கேட்கும் புஸ்ஸென்ற காற்று மாதிரி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், சின்ன இடுக்கு வழியாக ஆண்தான் பழம் ஊட்டும்.

கேள்வி: அந்தக் குரங்குகளுக்கு பிஸ்கட் போட்டால் என்ன தப்பு? பாவம், பசியோடுதானே இருக்கும்?
– வாசகர், ராயபுரம்

பதில்: போடவே போடாதீர்கள். சிங்கவால் குரங்கு மரத்து மேலேயே வாழ்கிற ஜீவன், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. வெடிப்பலா மரத்துப் பூவும் அத்திப்பழமும் பூச்சியும் தின்றே நன்றாக வாழும். பிஸ்கட்டுக்குப் பழகினால் தரைக்கு இறங்கும், சாலையில் உட்காரும், அடுத்து வருகிற வண்டியில் அடிபடும். இரக்கப்பட்டுப் போடுகிற ஒரு பாக்கெட்டே அதன் உயிருக்கு உலை வைத்துவிடும். தின்ற பாக்கெட்டையும் வெளியே வீசாதீர்கள்.

கேள்வி: அட்டை கடிக்குமாமே, ஆபத்தா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: மழைக்காலத்தில் கண்டிப்பாக ஏறும், ஆனால் பயப்படத் தேவையில்லை. கடிக்கும்போது வலிக்காது. அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால்தான் கழன்ற பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசிகிறது. பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் மெல்ல நெம்பி எடுங்கள், கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் மட்டும் ஈரப் புல்லில் இறங்காமல் தார்ச்சாலையிலேயே நிற்கட்டும்.